சக்கரம் வைத்த அலுவலகம்

ஜனவரி 9

குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு சௌகரியம். குளிருக்கு என் தோள்பட்டை கொஞ்சம் முனகுகிறது, அது பழைய கதை. அத்தான் வழக்கம்போலத் தையல் மிஷினோடு சண்டை போட்டுக்கொண்டு, தானே சமாதானமும் ஆகிக்கொண்டு இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய்? மாப்பிள்ளை எப்படி? உன் மாமியாரின் முட்டிவலி குறைந்ததா? போனில் எனக்குப் பேச வராது, கேட்டதற்கு ‘ம்’ போட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். நீ சொன்னபடி இதையும் வீட்டுக்கு அனுப்பாமல் உன் நூலக முகவரிக்கே போடுகிறேன்.

ஒரு விசேஷம். நகராட்சி எங்கள் உணவுக் கழிவு வண்டிகள் பன்னிரண்டையும் மாற்றப்போகிறது. எங்கள் ஏழாம் எண் வண்டி எந்தத் தெரு வழியாகப் போனது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம், அவ்வளவு ஒழுகல். புது வண்டி ஒழுகாதாம், சத்தம் போடாதாம், பேட்டரியில் ஓடுமாம். பக்கத்தில் ஓர் இரும்புக் கை இருக்கிறது. தொட்டியை அதுவே தூக்கிக் கொட்டி, கீழே வைத்துவிடும்.

மேற்பார்வையாளர் ஷெட்டில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று இதைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடிக்கும்போது, “இப்ப வண்டிக்கு மூணு பேரு. இனிமே ரெண்டு பேரு போதும்” என்றார். மிஞ்சுகிறவர்கள் ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

எங்கள் வண்டியை ஓட்டுபவர் ஆமை. ஒரு நாளும் வேகமாகப் போனதில்லை, அதனால் அந்தப் பெயர். பின்படியில் நானும் நெட்டையும். நெட்டைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ‘நீ இரு, நான் கிடங்குக்குப் போறேன்’ என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இருவருமே மனதாரச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொன்னார்கள். ஆமை ஏப்ரலில் ஓய்வு பெறுகிறார். லைசென்ஸ் இருந்தால் எங்களில் யார் வேண்டுமானாலும் அந்த இடத்துக்கு மனுப் போடலாமாம். இதை அத்தானிடம் சொன்னதும் அவர் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார். பயந்தே போனேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நூலகத்தில் கூட்டமே இல்லை. மூன்று தடவை படித்தேன். நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமியாருக்கு முட்டிதான் தொல்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. உன் தோளுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறாயா இல்லையா?

அக்கா, இரும்புக் கை வந்தால் வரட்டும். இதைச் சாக்காக வைத்து நீ அலுவலகத்துக்குள் மாற்றல் கேள். நகராட்சிக் கட்டடத்தில் உதவியாளர் வேலை ஏதாவது இருக்கும்: கோப்பு எடுத்துக் கொடுப்பது, வருகிறவர்களை உட்காரச் சொல்வது. உட்கார்ந்த இடத்தில் வேலை, வெயில் இல்லை, மழை இல்லை. அது மட்டும் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்குத் தெரியாது.

கேட்டுவிட்டு எழுது. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

குட்டி


பிப்ரவரி 18

குட்டிக்கு,

எண்ணெய் தடவிக்கொள்கிறேன், கவலைப்படாதே. அத்தானுக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?

நீ சொன்னதற்காக மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், “ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்கம்மா” என்றார். லீவு நாளில் போய் அந்த வராந்தாவில் உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளேயிருந்த அதிகாரி ஒரே ஒரு தடவை மணியடித்தார். உள்ளே ஓடினால், “தெரியாம கை பட்டுடுச்சு” என்றார். எனக்குக் கால் மரத்துவிட்டது. எழுந்து வெளியே வந்தேன். அந்தக் காலோடேயே நடந்து போய் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். புது வண்டி சின்னது, சாதாரண லைசென்ஸ் போதுமாம்.

கோபித்துக்கொள்ளாதே. நாற்பத்தேழு வயதில் இது தேவையா என்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். பதில் வருவதற்குள் வகுப்பு ஆரம்பித்துவிட்டது.

சொல்லிக் கொடுப்பவள் இருபத்துநாலு வயதுப் பெண். வாயில் எப்போதும் மிட்டாய். முதல் நாள் என் கையில் வண்டி எட்டுத் தடவை அணைந்து நின்றது. “பரவாயில்லக்கா, நேத்து ஒருத்தர் பதினாலு” என்றாள். பின்னால் எடுக்கச் சொன்னாள், ஒரே மூச்சில் எடுத்துவிட்டேன். மிட்டாயை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஆமைக்குப் பின்னால் நின்று ‘வா, வா, ஒடி, நில்லு’ என்று இத்தனை வருஷம் சொன்னது யார்?

ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான் தெருக்களைப் பின்படியிலிருந்தே பார்த்திருக்கிறேன். வீடுகள் என்னை விட்டு விலகி விலகிப் போகும். முன்னால் உட்கார்ந்தால் அவை எதிரே வருகின்றன. முடிவெட்டும் கடைப் பலகையின் முன்பக்கத்தில் வேறு பெயர் எழுதியிருக்கிறது, குட்டி. நான் பின்பக்கம் மட்டுமே படித்துவந்திருக்கிறேன்.

பத்திரமாக இரு.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்கா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு. எனக்கும் அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அத்தானும் சுகம் என்று நினைக்கிறேன்.

ஓட்டப் பழகுவது நல்லதுதான். ஜாக்கிரதையாக ஓட்டு.

மாமியாருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே உள்ளவர்கள் உங்கள் ஊர் மருத்துவமனையைத்தான் சொல்கிறார்கள். மே முதல் வாரம். மாமியாரோடு அவர் வருகிறார். எனக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது.

அக்கா, மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் யாராவது வந்து பார்த்தால் பிடிக்காது. கூச்சப்படுவார். நீ அலைந்துகொண்டு போக வேண்டாம். வேலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எதற்கு? நான் சொல்லிக்கொள்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டாய்தானே?

குட்டி


ஏப்ரல் 19

குட்டிக்கு,

எல்லோரும் சுகம். உன் மாமியாருக்கு நல்லபடியாக நடக்கும், அந்த ஆஸ்பத்திரி கைராசியானது. போக வேண்டாம் என்கிறாய், சரி. ஏதாவது தேவைப்பட்டால் மாப்பிள்ளையைத் தயங்காமல் சொல்லச் சொல்.

முதல் தேர்வில் தோற்றேன். நேராக ஓட்டச் சொன்னார் அதிகாரி. என்னை அறியாமல் ஒவ்வொரு வாசலிலும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஆறாவது வாசலில் அவர், “ஏம்மா, வீட்டுக்கு வீடு நிக்கிறீங்க?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, தோல்வி என்று எழுதினார். வீட்டுக்கு வந்து அத்தானிடம், உரக்கிடங்குக்கு எந்த பஸ் என்று விசாரிக்கச் சொன்னேன். அவர் விசாரிக்கவில்லை. “அடுத்த வாரம் மறுபடியும் போ” என்று மட்டும் சொன்னார்.

போனேன். வாசல் இல்லாத நெடுஞ்சாலைப் பக்கம் கூட்டிப்போனார்கள். பாஸ்.

புது வண்டிகள் வந்துவிட்டன, பச்சை நிறம். ஏழாம் எண் எனக்கு, நெட்டை எனக்குத் துணை. ஆமை கடைசி நாளன்று எங்கள் பழைய வண்டியை ஏலத்துக்கு நிறுத்திவிட்டு, பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். அழப்போகிறாரோ என்று நினைத்தேன். “சனியன், ஒரு நாளும் ஒரு தடவையில ஸ்டார்ட் ஆனதில்ல” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மிகவும் சந்தோஷமாகப் போனார்.

சீருடைச் சட்டை தொளதொளவென்று இருந்தது. அத்தான் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். கண்ணாடியில் பார்த்தால் யாரோ போலிருந்தேன். யாரோ என்றாலும் மோசமில்லை.

அக்கா


மே 14

குட்டிக்கு,

நலமாக இருக்கிறாயா? உன் மாமியார் நன்றாகத் தேறி வருகிறார். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய்.

நீ போக வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் போகவில்லை, வண்டிதான் போயிற்று. புது வண்டிகள் வந்ததும் தெருக்களை மாற்றிப் பிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சமையல்கூடம் ஒன்பதாம் எண்ணிடமிருந்து எங்களுக்கு வந்தது. காலை ஏழரைக்குப் பின்கட்டில் வண்டியை நிறுத்தி, இரும்புக் கையை இறக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் மாடி ஜன்னலில் யாரோ கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். பழைய வண்டியாக இருந்தால் காதிலேயே விழுந்திருக்காது. நிமிர்ந்து பார்த்தால் உன் மாமியார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மேலே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

நெட்டையைத் தொட்டி கழுவச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஐந்து நிமிடம் போய் வந்தேன். உன்னை விசாரித்தார். வண்டியைப் பற்றிக் கேட்டார். நான் ஏதோ சொன்னேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் அங்கே இருந்த ஆறு நாளும் ஏழரைக்கு ஜன்னலுக்கு நடந்து வந்துவிடுவார் என்று நர்ஸ் சொன்னாள். வேறு எதற்கும் நடக்க மாட்டேன் என்கிறாராம்.

நீ எதையும் நினைத்துக் குழம்பாதே.

அக்கா


ஜூன் 20

குட்டிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரிதானே? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் பின்படியில் நனைந்துகொண்டு நிற்பேன். இப்போது கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து மழையைப் பார்க்கிறேன். நெட்டைக்கும் பக்கத்திலேயே இருக்கை. தனக்கு இப்போதுதான் முடி காய்ந்தே இருக்கிறது என்கிறான்.

நான் உன்னிடம் எதையும் கேட்கவில்லை, குட்டி. நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது, போதும்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் தங்கையின் மாமியார் எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் முட்டி மடங்குகிறது, நீள்கிறது. மாடிப்படி மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில், “நீங்க நகராட்சி ஆபீஸ்ல வேல பாக்கறதாத்தானே உங்க தங்கச்சி எங்க வீட்ல சொன்னா?” என்று உங்களைக் கேட்டேன். பச்சைச் சட்டையோடு, ஈரக் கையோடு நின்றீர்கள். ஒரு நிமிடம் உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உடனே, “ஆபீஸ்தாங்க. சக்கரம் வச்ச ஆபீஸ்” என்றீர்கள். சிரித்துவிட்டேன். ஆனால் அவள் அப்படிச் சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியாது என்பதும், தெரிந்த அந்த நொடியிலேயே தங்கையைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை, இளைத்துத்தான் போனாள். நேற்று சமையலறையில் வைத்துக் கேட்டேவிட்டேன். “உன் அக்கா வேலைக்காக நான் மூஞ்ச சுளிப்பேன்னு நெனச்சியா? என்னை என்ன ஆளுன்னு நெனச்ச?” எனக்குக் கோபம் வேலையைப் பற்றி இல்லை, என்னை அவள் அப்படி நினைத்ததைப் பற்றித்தான். நிறைய அழுதாள். பிறகு சாப்பிட்டாள். உங்களுக்கு எழுதுவாள்.

இன்னொரு விஷயம், உங்களோடு இருக்கட்டும். சம்பந்தம் பேச வந்தபோது, காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் அலுவலராக இருந்தார் என்று உங்களிடம் சொன்னோம் அல்லவா? அவர் மூட்டை தூக்கியவர். என் மருமகளுக்கு இன்னும் தெரியாது. நேற்று அவ்வளவு சத்தம் போட்டுவிட்டு உடனே எப்படிச் சொல்வது? சமயம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வாங்க. பார்க்க வேண்டும்.


ஜூலை 11

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். நீ அதை மட்டும் எழுதச் சொன்னாய். மற்றதையும் எழுதுகிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், அக்கா என்ன செய்கிறார் என்று இவர்கள் கேட்டார்கள். ‘நகராட்சியில்’ என்றேன். அது பொய் இல்லை. ‘ஓ, ஆபீஸா’ என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. மறுபடி பேச்சு வந்தபோது உனக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். அடுத்த வருஷம் ஒரு மின்விசிறி. போன வருஷம் உனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தேன், அக்கா. நீ இங்கே வந்த மூன்று தடவையும் உன்னை ஒரு நிமிடம் தனியாக விடவில்லை. அன்பு என்று நீ நினைத்திருப்பாய். உன் கடிதங்கள் வீட்டுக்கு வந்தால் யாராவது பிரித்துவிடுவார்களோ என்றுதான் நூலகத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

அந்த உதவியாளர் வேலையைக் கேட்கச் சொன்னது உன் தோளுக்காக என்று நினைத்தாயா? என் பொய் உண்மையாகிவிடும் என்பதற்காக. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நீ படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போன வண்டிதான் என்னைப் படிக்க வைத்தது. எனக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும்தான் செய்தேன். நீ கோபப்பட்டால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே. இனி வீட்டு முகவரிக்கே எழுது.

குட்டி


ஜூலை 24

குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே சுகம். முதலில் நீ ஒழுங்காகச் சாப்பிடு, இளைத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன்.

வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து மிச்சத் தெருக்களை எடுத்தேன், வண்டியைக் கழுவி நிறுத்தினேன். இரண்டு நாள் அத்தானோடு பேசவில்லை. என் சட்டைக்குப் பொத்தான் மாற்றித் தைத்துவிட்டோமோ என்று அவர் பயந்துபோய் எல்லாச் சட்டையையும் எடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் சொன்னேன். கேட்டுவிட்டு, “பதவி ஒயர்வு குடுத்தாளா?” என்று மட்டும் கேட்டார். அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. உன் கடிதத்தில் அதைப் படித்துக் காட்டியதும் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் இந்த வேலையில் சேர்ந்தபோது உனக்குப் பதினாறு. உன் பள்ளிக்கூடம் எங்கள் வண்டி போகும் தெருவில்தான் இருந்தது. காலையில் வண்டி அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் படியின் மறுபக்கம் போய்க் குனிந்துகொள்வேன். உன் தோழிகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. நீ என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். ஒரு நாள் நீ வாசலில் நின்று நான் குனிவதைப் பார்த்தாய். எனக்குத் தெரியும், கண்ணுக்குக் கண் பார்த்தோம். வீட்டுக்கு வந்து நாம் இருவருமே அதைப் பேசவில்லை.

நான் மறைத்ததை நீ தொடர்ந்து மறைத்தாய், அவ்வளவுதான். என்னிடம்தான் கற்றுக்கொண்டாய். அதனால் திட்டுவதற்கு எனக்கு வாயில்லை. ஒரே ஒரு வருத்தம்: பதினொரு வருஷமும் நீ தனியாகப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாய். அது வேண்டாத வேலை.

இப்போது என்னால் குனிய முடியாது. ஓட்டுகிறவள் குனிந்தால் வண்டி எங்கே போகும்?

லீவு எடுத்துக்கொண்டு வா. உன் மாமியாரின் முட்டி ஒத்துழைத்தால் அவரையும் அழைத்து வா. அத்தான் புதுத் தலையணை உறை தைத்து வைத்துவிட்டார்.

அக்கா


அக்டோபர் 2

அன்புள்ள அக்கா,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். வீட்டில் எல்லோரும் சுகம். அத்தான் கொடுத்த பை ரயிலில் எல்லோர் கண்ணையும் உறுத்திற்று. மாமியார் மாடி ஏற ஆரம்பித்துவிட்டார். அடுத்த தடவை தானும் வருவதாகச் சொல்லச் சொன்னார். ஏதோ ஒன்றை என்னிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று மாதமாக வாயெடுக்கிறார், பிறகு ‘ஒண்ணுமில்ல’ என்று போய்விடுகிறார். உனக்கு ஏதாவது தெரியுமா?

அங்கே இருந்த ஐந்து நாளில் உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். கடைசி நாள் காலை நீ வேலைக்குப் போனதும், அத்தானிடம் உன் தெருக்களை விசாரித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவுக்குப் போனேன். அங்கே நாலைந்து பேர் மூடி போட்ட வாளிகளோடு நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். என் கையில் ஒன்றும் இல்லை.

உன் வண்டி முனை திரும்பி வந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை, பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வண்டியை ஒரே கையால் திருப்புகிறாய். நெட்டை இறங்கி வாளிகளைத் தொட்டியில் கொட்டினான், இரும்புக் கை தொட்டியைத் தூக்கிற்று. நீ ஒரு வயதானவருக்கு வணக்கம் சொன்னாய். பிறகு போய்விட்டாய். எல்லாம் இரண்டு நிமிடம் இருக்கும்.

பக்கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து மூச்சு வாங்க இறங்கி வந்த ஓர் அம்மா, நிரம்பிய வாளியோடு, “போயிட்டாங்களா?” என்று கேட்டார். போய்விட்டார்கள் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்தத் தெருவுக்குப் புதுசா வந்திருக்கீங்களா?” என்றார்.

“இல்லீங்க. அந்த வண்டிய ஓட்றவங்க எங்க அக்கா.”

சத்தமாகத்தான் சொன்னேன். நின்றிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா என்ன சொல்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“நல்லதாப் போச்சு. நீங்களே சொல்லிடுங்க. நான் மூணு மாடி எறங்கி வரணும். இன்னும் ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க.”

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இளநீல நிறக் கட்டடம், கேட்டுக்கு இடது பக்கம். மறக்காமல் நில் அக்கா.

உன் குட்டி